மாத்திரை வீடு தேடி வருகிறது. சாப்பாட்டு நேரம் எப்போது வரும்?

சர்க்கரை கூடினால் ஆபத்து என்பது ஊருக்கே தெரியும். சர்க்கரை இறங்கினால் அதைவிட அவசரமான ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது.

கூடிய சர்க்கரை ஆளை வருஷக் கணக்கில் அரிக்கும். இறங்கிய சர்க்கரை ஆளை நிமிஷக் கணக்கில் சாய்த்துவிடும்.

ராஜபாளையம் பக்கத்தில் உள்ள சோழபுரத்தில் இருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறுகிறவர்கள் ஏராளம். பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி மில்லுக்கு ஓடுகிறவர் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைக்கும் ஆபீசுக்கும் போகிறவர் உண்டு. தோட்ட வேலைக்குப் போகிறவரும் உண்டு.

இவர்களில் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்சுலின் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் பெண்டாட்டி கேட்பாள், "சாப்பிடலையா?" என்று. "மாத்திரை போட்டாச்சு. போற வழியில பாத்துக்கலாம்" என்று பதில் வரும்.

அந்த ஒரு பதிலில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரு டீஸ்பூன் கணக்கு

மனித உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 5 கிராம். அதாவது ஒரு டீஸ்பூன்! மூளை முக்கியமாக இதை நம்பித்தான் வேலை செய்கிறது.

சர்க்கரை வியாதி இல்லாதவர் ஒரு வேளை பட்டினி கிடந்தால் பசிக்கும், சோர்வு வரும். ஆனால் ஈரல் தான் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விட்டு நிலைமையைச் சமாளித்துவிடும்.

இன்சுலின் போட்டவர் கதை வேறு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிட்டவர் கதையும் வேறு. சோறு வந்ததா, வரவில்லையா என்று மாத்திரை பார்ப்பதில்லை. அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைக்கும். உள்ளே போன இட்லி இருந்தால் இட்லியின் சர்க்கரை இறங்கும். இட்லி இல்லையென்றால் இருக்கிற சர்க்கரையும் இறங்கும்.

மெட்பார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தத் தொல்லை அபூர்வம். எனவே தாம் சாப்பிடுவது எந்த மாத்திரை என்பதை ஒவ்வொருவரும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அது தாழ்வு. 54-க்குக் கீழே போனால் அபாயம்.

"தண்ணி போட்டிருக்கான்!"

சர்க்கரை இறங்கும்போது உடம்பு முதலில் மணியடிக்கும். வேர்த்துக் கொட்டும். கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். அகோரப் பசி எடுக்கும். அப்போதே கவனித்தால் ஐந்து காசு செலவில்லாமல் தப்பிக்கலாம்.

கவனிக்காவிட்டால் அடுத்த கட்டம். பேச்சு குழறும். நடை தள்ளாடும். காரணமில்லாமல் கோபம் வரும். சம்பந்தமில்லாமல் பேச்சு வரும். கடைசியில் மயக்கம், வலிப்பு.

இந்தக் கோலத்தில் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் சாய்ந்தால் ஊர் என்ன சொல்லும்? "காலங்காத்தாலயே தண்ணி போட்டிருக்கான் பாரு!" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகும். கண்டக்டர் இறங்கச் சொல்லுவார். கடைக்காரர் தள்ளிப் படுக்கச் சொல்லுவார்.

ஒரு உயிர் போவதற்கு இந்த அலட்சியம் போதும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒருவர் உண்மையிலேயே குடித்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் சாராயம் போனால் ஈரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை அது தடுக்கும். ஆக, குடித்தவருக்கும் சர்க்கரை இறங்கும்! வாடை வருகிறது என்பதற்காக ஒருவரை அப்படியே போட்டுவிட்டுப் போவது எந்த வகையிலும் நியாயம் அல்ல.

பால்கோவா உதவாது!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு உலகப் பெயர். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் கிடைத்தது. "சர்க்கரை இறங்கிடுச்சா? ஒரு வாய் பால்கோவா குடு" என்று இந்தப் பக்கத்தில் சொல்வது சகஜம்.

ஆனால் அவசரத்துக்கு அது சரிப்படாது. பால்கோவாவில் பாலின் கொழுப்பு இருக்கிறது. கடலை மிட்டாயில் கடலையின் எண்ணெய் இருக்கிறது. கொழுப்பு சேர்ந்தால் இரைப்பையில் இருந்து உணவு மெதுவாகத்தான் இறங்கும். அதற்குள் ஆள் சாய்ந்துவிடலாம். சாக்லேட்டும் இதே கதைதான்.

அந்த நேரத்தில் வேண்டியது வெறும் சீனி. மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் பவுடர் இருந்தால் மெத்தச் சரி. எந்த டீக்கடையிலும் சீனி டப்பா இருக்கிறது. அதுதான் முதலுதவிப் பெட்டி!

15 நிமிஷம் பொறுத்துப் பார்க்க வேண்டும். தெளியாவிட்டால் இன்னொரு தடவை அதே அளவு. தெளிந்த பிறகு சும்மா விட்டுவிடக் கூடாது. இரண்டு இட்லியோ, ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் சுண்டலுமோ சாப்பிட வைக்க வேண்டும். சீனி ஏற்றிய சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும். சாப்பாடுதான் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

மாத்திரையால் சர்க்கரை இறங்கியவர், முக்கியமாக வயதானவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும், தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதே நல்லது. மாத்திரையின் வேகம் மணிக்கணக்கில் நிற்கும். மறுபடியும் இறங்க வாய்ப்பு உண்டு.

பீகார் சொன்ன பாடம்

ஒரு வேளைச் சாப்பாடு தவறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் பீகார் மாநிலம் முசாபர்பூரில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே செத்தவர்கள் சர்க்கரை வியாதிக்காரர்கள் அல்ல, சின்னப் பிள்ளைகள்.

வருஷா வருஷம் லிச்சிப் பழ சீசனில் பிள்ளைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து மயங்கினார்கள். மூளைக் காய்ச்சல் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2014-ல் மே கடைசியில் இருந்து ஜூலை நடுப்பகுதி வரை இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த பிள்ளைகள் 390. அதில் 122 பேர் இறந்தார்கள்.

இந்திய, அமெரிக்க நிபுணர்கள் சேர்ந்து ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சேர்க்கும்போது சர்க்கரை பரிசோதித்த 327 பிள்ளைகளில் 204 பேருக்கு அது 70 அல்லது அதற்கும் கீழே இருந்தது!

லிச்சியில், முக்கியமாகக் காயில், உடம்பு சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. சத்தில்லாத பிள்ளைகள் பகலெல்லாம் தோப்பில் கிடந்த பழத்தைத் தின்றார்கள். ராத்திரி சாப்பிடாமல் தூங்கினார்கள். ராத்திரிச் சாப்பாடு சாப்பிடாத பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம் என்பது ஆராய்ச்சியில் தெரிந்தது. காரணம் கிருமி அல்ல, சர்க்கரை இறக்கம் என்று முன்பே எடுத்துச் சொன்னவர்களில் வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் டி.ஜேக்கப் ஜானும் ஒருவர்.

நிபுணர்கள் சொன்ன யோசனைகளில் முக்கியமானது என்ன தெரியுமா? பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாடு கொடுங்கள் என்பதுதான்! மயங்கி வரும் பிள்ளைக்கு உடனே சர்க்கரையைச் சரிசெய்யுங்கள் என்பது இன்னொன்று.

முசாபர்பூர் வேறு, சோழபுரம் வேறு. அங்கே லிச்சி, இங்கே மாத்திரை. ஆனால் இரண்டு இடத்திலும் ஆளைக் கவிழ்ப்பதற்குத் துணை போவது ஒன்றுதான்: வெறும் வயிறு.

இலை போட்ட பிறகு மாத்திரை

இதற்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. சாப்பாட்டுப் பழக்கம் போதும்.

முதல் விதி: சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையை இலை போட்ட பிறகு போட வேண்டும். தட்டில் சாப்பாடு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாத்திரை. ஓட்டலில் "பத்து நிமிஷத்துல ரெடி" என்பதை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது விதி: ஒரேயடியாக வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணி நேரம் கிடப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்துக்குச் சாப்பிடுவது மேல். காலை இட்லிக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவே ஒரு பிடி பொரிகடலை, அல்லது சுண்டல், அல்லது ஒரு கொய்யா. சீனி போட்ட டீயும் வடையும் காலைச் சாப்பாடு ஆகாது. கேப்பைக் கூழோ கம்மங்கூழோ இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போகிறவர் எவ்வளவோ தேவலை.

மூன்றாவது விதி: மூட்டை தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது, சைக்கிள் மிதிப்பது என்று வழக்கத்தைவிட உழைப்பு கூடும் நாளில் இடையில் கூடுதலாக ஏதாவது சாப்பிட வேண்டும். உழைப்பும் சர்க்கரையை இறக்கும்.

நான்காவது விதி: விரதம். புரட்டாசி சனி விரதம் இருப்பதும், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறுவதும் அவரவர் பக்தி. ஆனால் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினியோடு மலை ஏறுவது பக்தி அல்ல. முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு மாத்திரை அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்தச் சலுகையைச் சாக்காக வைத்து எந்நேரமும் இனிப்பு தின்னக் கூடாது. சீனி அவசரத்துக்கு மட்டும். அடிக்கடி சர்க்கரை இறங்கினால் தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார்.

பத்து நிமிஷம் கொடுங்கள்

இத்தனையும் தெரிந்தவர்கூட நேரத்துக்குச் சாப்பிட முடியவில்லை என்றால் யாருடைய குற்றம்?

மில்லில் அரை நைட், முழு நைட் என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. மாத்திரைச் சீட்டில் "காலை - இரவு" என்றுதான் எழுதியிருக்கிறது. முழு நைட் பார்த்தவருக்கு எது காலை, எது இரவு? ஜவுளிக்கடையில் கூட்டம் இருந்தால் மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. "கொஞ்சம் பொறு, இந்த பார்ட்டி போகட்டும்" என்பார் முதலாளி. பார்ட்டி போவதற்குள் சர்க்கரை போய்விடும்!

தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அரை மணி இடைவேளை தர வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டசபை சட்டத்தைத் திருத்தியது. உட்காரும் உரிமை சட்டத்தில் ஏறிவிட்டது. உட்கார்ந்து நேரத்துக்குச் சாப்பிடும் உரிமை நடைமுறையில் வர வேண்டாமா?

நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் சொன்னது. ஆக, ஒவ்வொரு மில்லிலும், கடையிலும், ஆபீசிலும் இப்படி ஆட்கள் இருக்கத்தான் செய்வார்கள். வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து மறைப்பவர்களும் இருப்பார்கள்.

முதலாளிகள் செய்ய வேண்டியது பெரிய தர்மம் அல்ல. சர்க்கரை வியாதி இருப்பதைத் தைரியமாகச் சொல்லலாம் என்ற நிலையை உண்டாக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கைமாற்ற ஒரு ஆளை நிறுத்த வேண்டும். இடையில் பத்து நிமிஷம் விட வேண்டும். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வைக்க வேண்டும். செலவு ஒரு சாப்பாட்டு விலைகூட ஆகாது.

"மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. நல்ல காரியம். மாத்திரை கொண்டு வருகிறவர் கூடவே இரண்டு கேள்வி கேட்க வேண்டும். "எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க? எப்பவாவது வேர்த்து மயக்கமா வந்துச்சா?" மாத்திரைக் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது, சாப்பாட்டுக் கணக்கும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளை பசியோடு உட்காரக் கூடாது என்று மதிய உணவு போட்ட காமராஜர் பிறந்தது இதே விருதுநகர் மாவட்டத்தில்தான். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அவர் அன்றே புரிந்துகொண்டார். பசித்த தொழிலாளிக்கு மாத்திரையே எமன் ஆகலாம் என்பதை இந்த மாவட்டத்து முதலாளிகள் இன்றாவது புரிந்துகொள்ளட்டும்.

சாப்பாட்டு மணி அடித்தால் ஆளை விடுங்கள்!