அழைக்கும் விருந்தும் அறிய வேண்டியவையும்



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்து பணிபுரிகின்றனர். அலுவலக நண்பர்கள் ஒரு மாலைப் பொழுதில் அவர்களை விருந்துக்கு அழைக்கின்றனர். சிறிய உணவகம், இதமான விளக்கொளி, இன்முக உபசரிப்பு. பெயர்ப் பலகையில் 'ஜப்பானிய ஹவாய் உணவு' என்றிருக்கிறது. உள்ளே ஒரு புறம் மதுக்கூடமும் உண்டு. போகலாமா? போனால் எதனை உண்ணலாம்? இந்தக் கேள்விக்கு விடை காணுமுன் அவ்வுணவின் வரலாற்றைச் சற்றே அறிவோம்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு 1868-ஆம் ஆண்டில் சுமார் 150 ஜப்பானியர் கூலி வேலைக்குச் சென்றனர். 1885 முதல் இரு அரசுகளின் உடன்படிக்கையின் பேரில் பல்லாயிரவர் சென்றனர். கீழடுக்கில் சோறும் மேலடுக்கில் தொடுகறியுமாகத் தகரத் தூக்கில் உணவு கொண்டு போவார்கள். சீனர், கொரியர், பிலிப்பினோ, போர்த்துக்கீசியர் எனப் பல இனத்தாரும் நண்பகலில் கூடியமர்ந்து தத்தம் கறிகளைப் பகிர்ந்து உண்டனர். ஒரே சஹனில் கூடி உண்ணும் நமக்கு இது விளங்காததன்று. அந்தப் பகிர்வில் பிறந்ததே இன்றைய ஹவாய்ச் சமையல்.

இவ்வுணவில் நமக்கு உகந்தவை இல்லாமலில்லை. பச்சைச் சூரை மீனைத் துண்டுகளாக்கி, சோயா சாறும் எள்ளெண்ணெயும் சேர்த்துப் பிசறிய 'போக்கே', கடற்பாசித் தாள் சுற்றிய சோறு, பழப்பாகு ஊற்றிய சீவல் பனிக்கட்டி ஆகியன புகழ் பெற்றவை. எனினும் அருகிலேயே ஹராமானவையும் இருக்கின்றன. சோற்றின் மீது வைத்துக் கட்டித் தரும் 'ஸ்பாம்' என்பது 1937-இல் அமெரிக்காவில் அறிமுகமான பன்றி இறைச்சி டப்பா உணவு. 'கலுவா' என்பது பெரும்பாலும் மண்ணடுப்பில் வேகவைத்த பன்றி இறைச்சியே. 'சைமின்' எனும் நூடுல்ஸ் சூப்பின் மேலும் அவ்விறைச்சியைத் தூவுவதுண்டு.

கண்ணுக்குப் புலப்படாதவற்றில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 'தெரியாக்கி' குழம்பின் இனிப்புக்கும் பளபளப்புக்கும் சேர்க்கப்படும் 'மிரின்' என்பது சுமார் 14 விழுக்காடு மதுசாரம் கொண்ட அரிசி மது. கோழி, மீன் வறுவல்களிலும் இது கலந்திருக்கலாம். கொதித்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்பது தவறான எண்ணம். பன்றி இறைச்சி வாட்டிய அதே தகட்டில்தான் உங்கள் மீனும் வாட்டப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

பானங்களைப் பற்றியும் ஒரு சொல். அன்னாசித் துண்டும் சிறு காகிதக் குடையும் செருகி வரும் கோப்பை பார்வைக்குப் பழரசம் போலிருக்கும். 'மாய் தாய்' என்று பெயர் கேட்டு ஏமாந்துவிடலாகாது. 1944-இல் கலிபோர்னியாவில் உருவானதாகக் கூறப்படும் ரம் கலந்த மதுபானம் அது. கொய்யா, ஆரஞ்சு, பேஷன் பழச் சாறுகளின் கலவை அங்கே தனியாகவே கிடைக்கும்; அதனைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவதே நலம்.

மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே அழைத்த நண்பரிடம் முன்கூட்டியே, "எங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை, மதுக்கூடம் இல்லாத உணவகத்தில் பகலில் கூடுவோமா?" என்று பணிவாகக் கேட்கலாம். நல்ல நண்பர் இதனால் வருந்தமாட்டார். அடுத்த விடுமுறையில் அவரை உங்கள் இல்லத்திற்கு அழைத்து, உங்கள் கையால் சமைத்துப் பரிமாறுங்கள்.

தாய்மார்களே! பிள்ளைக்குத் தொலைபேசியில், "சாப்பிட்டாயா?" என்று தவறாமல் கேட்கிறீர்கள். "என்ன சாப்பிட்டாய்?" என்றும் அன்போடு கேளுங்கள்.