கொக்குவாயும் படுகண்ணும்

சென்ற மாதம் குடும்ப சகிதமாய் மாமல்லபுரம் சென்றிருந்தோம். செங்கற்பட்டுவாசிகளான எங்களுக்கு அது ஒரு பொழுதுப் பிரயாணந்தான். கடற்கரைக் கோயிலருகே அலையில் கால் நனைத்துத் திரும்பிய என் சகதர்மிணி கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ!" என்றாள். சங்கிலி இருந்தது, பதக்கம் இல்லை. அவளுடைய பாட்டி கொடுத்த சிவப்புக்கல் பதக்கம். அந்திமட்டும் மணலைச் சலித்தோம்; அகப்படவில்லை.

குற்றவாளி, பதக்கத்தின் தலையிலிருந்த சிறு வளையம். சரியாகச் சொன்னால், அடியேன். முன்பு அந்த வளையத்தைப் புதுப்பித்தபோது, "இரண்டு குன்றிமணி எடை கூட வைத்தால் நல்லது" என்றார் ஆசாரி. பிறர் கண்ணில் படாத இடத்தில் பொன்னைக் கொட்டுவானேன் என்று மறுத்தவன் நான்தான்.

திரும்பும் வழியில், அர்ச்சுனன் தபசு என்று ஜனங்கள் சொல்லும் பெரும் பாறையின் முன் நின்றோம். 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி தேவர்களுக்குப் பூட்டிய கழுத்தணி எதுவும் கழன்று விழுந்ததில்லை. எப்படி விழும்? அணியும் கழுத்தும் ஒரே பாறை! கொக்கியைப் பற்றி அவனுக்கென்ன கவலை?

பொன்னில் வேலை செய்தவனுக்கு அந்தக் கவலை உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில், முதலாம் இராஜராஜன் (985–1014) காலத்துக் கல்வெட்டுக்கள் தெய்வங்களுக்கு அளித்த நகைகளை அங்கம் அங்கமாய் விவரிக்கின்றன. முத்தும் மணியும் எத்தனை என்பதோடு, 'கொக்குவாய்', 'படுகண்' என்ற உறுப்புக்களும் அவற்றில் இடம் பெற்றிருக்கின்றன. கொக்குவாய் என்பது கொக்கி. படுகண் அது மாட்டும் துளை. எவ்வளவு அழகான பெயர்கள்! நிறையோ கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று இறங்குகிறது. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடியில் பாதி குன்றி. சக்கரவர்த்தியின் கணக்கர்கள் கொக்கியை மதித்துக் கல்லில் வெட்டுவித்தார்கள். நான் அதில் மிச்சம் பிடித்தேன்.

வளையம் தேய்வது சங்கிலி உராயும் உட்புறத்தில். 22 காரட் பொன் மெத்தென்றது. பதக்கம் ஆட ஆட, மேல்வளைவு உள்ளே நூலாய் இளைத்துவிடும்; வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பு மாறியிராது. வளையத்தின் வாயைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்காமல் வெறுமனே நெருக்கி விட்டிருந்தாலோ, ஒரு நூலிழை மாட்டி இழுத்தாலே போதும், விரிந்துவிடும். சங்கிலியைச் சற்று ஒதுக்கி, வளையத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். சகோதரிகள் இன்றைக்கே பார்ப்பார்களாக.

நேற்று என் பெண்ணின் பதக்கத்தை அதே ஆசாரியிடம் எடுத்துச் சென்றேன். "வளையத்துக்கு எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்டார்.

"உங்கள் இஷ்டம்" என்றேன்.

மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.