வந்தவாசியில் இரண்டு அயர்லாந்துக்காரர்கள்

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள் என்று படித்திருக்கிறோம். தளபதிகளின் பூர்வீகத்தைத் தேடினால் இருவருமே அயர்லாந்தில் போய் நிற்கிறார்கள். ஆங்கிலப் படையை நடத்திய அயர் கூட், லிமெரிக் சீமையில் நிலம் பிடித்துக் குடியேறிய புராட்டஸ்டண்ட் வம்சம். எதிரே நின்ற லாலி பிரான்சில் பிறந்தவர். ஆனால் தகப்பன், தோற்றுப்போன கத்தோலிக்க அரசர் பக்கம் நின்று நாட்டைத் துறந்த கால்வேக்காரர். கத்தோலிக்கன் ஆங்கில அரசரின் படையில் அதிகாரியாகவோ நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவோ ஆக முடியாத காலம் அது. கூட் இரண்டும் ஆனார்: தளபதியாகப் புதுச்சேரியைப் பிடித்தார், 1768இல் லெஸ்டர் தொகுதி உறுப்பினரானார், பிறகு பூல் தொகுதிக்கு. லாலியின் தலை 1766இல் பாரிசில் வெட்டப்பட்டது.

நாடாளுமன்றத்தில் கூட் பெரிதாக எதுவும் சாதித்ததாகத் தெரியவில்லை. பணத்தில் கெட்டிக்காரர். மறுபடி இந்தியா வந்தபோது அவருடைய படிச்செலவை கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அவத் நவாபின் தலையில் கட்டினார். பின்னாளில் ஹேஸ்டிங்ஸ் மீதான குற்றப்பட்டியலில் அதுவும் ஏறியது.

1780இல் மைசூரின் ஹைதர் அலி, கர்நாடகச் சீமை என்று அன்று சொல்லப்பட்ட தமிழகப் பகுதிக்குள் இறங்கியதும், நோயாளியான கிழவரை வங்காளத்திலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். 1781இல் பரங்கிப்பேட்டை, புள்ளலூர், சோளிங்கர் என்று வரிசையாகப் போர்கள். புள்ளலூரில் யார் வென்றது என்று இரு தரப்பும் இன்னும் வாதாடலாம். கூட்டை உண்மையில் முடக்கியது பீரங்கி அல்ல, அரிசி. எதிரிக்குக் கிடைக்கக்கூடாதென்று ஹைதர் ஊர்களைப் பாழாக்கியிருந்தார்; பெரிய வெற்றிக்குப் பிறகும் துரத்திப்போக மாடும் இல்லை, தானியமும் இல்லை. அந்தப் பஞ்சம் சென்னைக்குள் வந்தது. 1782இல் பசித்தவர்களுக்காக மணியக்காரர் சத்திரம் தொடங்கியது அதனால்தான். அடுத்த ஏப்ரலில் கூட் சென்னையிலேயே இறந்தார்.

வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்கு எழுப்பிய சலவைக்கல் நினைவுச் சின்னத்தில் ஓர் இந்தியக் கைதி அழுதபடி உட்கார்ந்திருக்கிறான். பெயரில்லாத கைதி. கூட்டின் வாழ்க்கையை எழுத ஆங்கிலத்தில் ஆளுண்டு. ஊரைவிட்டு ஓடிய நம் குடியானவர்களைப் பற்றி எழுத நாம்தான் உண்டு. வந்தவாசி, புள்ளலூர், சோளிங்கர், பரங்கிப்பேட்டை வாசகர்களே, அந்தச் சண்டைகளைப் பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதை, பாழான ஏரி, இடம்மாறிய தெரு எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம்.