கேலிக்கும் கருத்துக்கும் நடுவே



பள்ளிகளில் சக மாணவரைச் சீண்டி வதைப்பதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வந்துவிட்டது. கடைசியாகச் சேர்ந்தது மொன்டானா, 2015இல். ஆனால் எது வதை, எது வெறும் கருத்து என்று பிரிப்பதில்தான் தகராறு.

வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த மாணவர்கள் பக்கம் 1969இல் உச்ச நீதிமன்றம் நின்றது. படிப்பு கெட்டாலோ பிறர் உரிமை பறிபோனாலோதான் பள்ளி தலையிடலாம் என்றது. பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி மாவட்டம் புண்படுத்தும் பேச்சையெல்லாம் ஒரே வலையில் வாரிப்போட விதி வகுத்தது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

மேற்கு வர்ஜீனியாவில் கதை வேறு. சக மாணவியை இழிவுபடுத்த மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் பக்கம் தொடங்கிய மாணவியின் இடைநீக்கம், அதை அவர் வீட்டிலிருந்தே செய்திருந்தும், 2011இல் செல்லும் என்றானது. அதுவே நியாயமும்கூட: தனியொரு பிள்ளையைக் குறிவைப்பது கருத்தாகாது.

ஆட்டக்காரர்களை உற்சாகப்படுத்தும் சியர்லீடர் குழுவின் முதன்மை அணியில் இடம் கிடைக்காத கோபத்தை ஸ்னாப்சாட்டில் கொட்டிய மாணவியைப் பள்ளி தண்டித்தது தவறென்று 2021இல் உச்ச நீதிமன்றம் 8-1 எனச் சொன்னது. அவர் திட்டியது பள்ளியை. தனி மாணவரைக் கடுமையாக வதைத்தால், பள்ளிக்கு வெளியே என்றாலும் கேட்கலாம் என்று அதே தீர்ப்பு இடம் விட்டிருக்கிறது.

- ஒரு வாசகர், திருச்சி