ஒரு ஜோடி வாங்கினா ஒரு ஊரே ஃப்ரீ!

செம்மங்குப்பத்துல பஸ் ஏறி கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ காலேஜ் போறவங்களா நீங்க? வழியில கலர் மீன் கடை கண்ணுல பட்டா கால் தானா நிக்குமே! வாலை ஆட்டுற கப்பியைப் பார்த்ததும், ‘ஒரு ஜோடி கொடுங்கண்ணே’ன்னு கை பாக்கெட்டுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்க. நீங்க வாங்கறது ஜோடி இல்லை, ஒரு ஜனத்தொகை!

நம்ம பரங்கிப்பேட்டையில, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையத்துல, ‘நீமோ’ படத்துல வர்ற கோமாளி மீனை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வச்சிருக்காங்க. அந்த இனத்துல முட்டைக்குக் காவல் அப்பா மீன். ஆனா கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் நாலு பேரும் முட்டை போடற பார்ட்டிகள் இல்லை. நேரா குட்டிதான்! கப்பிக்குச் சுமார் நாலு வாரம் போதும். ஒரு பிரசவத்துக்கு இருபது, முப்பது குட்டி ரொம்ப சாதாரணம். பசிச்சா அம்மாவே முழுங்கிடும். வேலம்பாசி போட்டு வச்சா குட்டிகள் ஒளிஞ்சுக்கும்.

‘ஆணே வேண்டாம், ஒரே ஒரு பெண் கப்பி போதும்’கிறீங்களா? அங்கேதான் ட்விஸ்ட்! விந்தணுவை மாதக்கணக்கில் உடம்புக்குள் சேமித்து வைத்து, அடுத்தடுத்து பல தடவை குட்டி போட அதனால் முடியும். கடைத்தொட்டியில் ஆண்களோடு இருந்த பெண் என்றால், உங்க வீட்டுக்கு வரும்போதே கர்ப்பம்னு வச்சுக்குங்க.

கப்பியில் கலர் எல்லாம் ஆணுக்குத்தான். உடம்பை வளைச்சு, நடுங்கி ஒரு டான்ஸ் போடுவார் பாருங்க! ஆரஞ்சுப் புள்ளி பளிச்னு இருந்தா பெண்ணிடம் மவுசு. ஆனா அதே பளிச் எதிரி கண்ணுலயும் படுமே? ஜான் எண்ட்லர் என்ற விஞ்ஞானி டிரினிடாட் ஓடைகளில் இதை ஆராய்ந்து 1980-ல் எழுதினார். கப்பியைத் தின்னும் மீன்கள் அதிகமுள்ள இடத்தில் ஆண்கள் மங்கல். அவற்றை ஆபத்து குறைந்த ஓடைக்கு மாற்றினார். இரண்டே வருஷத்தில் அங்கே இருந்த வாரிசுகள் கலர்ஃபுல்!

சரி, யாரோட யார் சேரலாம்? ஒரு ஆணுக்கு ரெண்டு மூணு பெண் இருக்கணும். இல்லேன்னா அது விடாமத் துரத்தி, பெண் மீன் ஓய்ஞ்சு போயிடும். ஃபைட்டரும் டைகர் பார்பும் கப்பி வாலைக் கடிச்சுக் குதறும். ஏஞ்சலுக்குக் குட்டிகள்தான் ஸ்நாக்ஸ். பிளாட்டியும் ஸ்வார்ட்டெயிலும் ஒத்துப்போகும், ஆனா கலப்புக் குட்டி போடும். அப்படிப் பிறந்த சில கலப்பினங்களுக்குத் தோல் புற்றுநோய் வருவதை 1920-களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து புற்றுநோய் ஆராய்ச்சிக்கே இந்த மீன்கள் உதவுகின்றன.

இப்போ சீரியஸ் மேட்டர். ஆறு மாசத்துல தொட்டி ஹவுஸ்ஃபுல். செமஸ்டர் லீவும் வந்தாச்சு. ‘பாவம், பெருமாள் ஏரியில விட்டுடலாம், பிழைச்சுக்கட்டும்’னு தோணும். வேண்டாம் பாஸ்! கொசுவை ஒழிக்க 1928-ல் இத்தாலியிலிருந்து கம்பூசியாவை இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. கப்பிக்குச் சொந்தக்காரர், குட்டி போடும் வகைதான். கொசுப்புழுவோடு நிற்காமல் மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தலைப்பிரட்டை என்று எல்லாத்தையும் தின்னும். இன்று உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதன் பெயர் இருக்கு. இத்தனைக்கும் தலையில் வெள்ளைப் புள்ளி மின்ன, நீர்மட்டத்தில் திரியுமே ஒரு குட்டி மீன், அது நம்ம ஊர்க்காரர். அதுவும் கொசுப்புழு தின்னும். அது சாப்பாட்டுல நீங்க வேற ஆள் கூட்டிவந்து கை வைக்கலாமா?

அதனால ஆண் கப்பிகளை மட்டும் வாங்குங்க. கலரும் உண்டு, குட்டித் தொல்லையும் கிடையாது. ஏற்கனவே குட்டிகள் பெருகிடுச்சா? தொட்டி வச்சிருக்கிற நண்பருக்குக் கொடுங்க, கடைக்காரரிடம் கேளுங்க. ஏரி, குளம், வாய்க்கால் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க.

அடுத்த தடவை கடைக்குப் போனா விலையைக் கேட்கறதுக்கு முன்னாடி மீனோட வயித்துக்குக் கீழே, பின்பக்கம் இருக்கிற துடுப்பைப் பாருங்க. விசிறி மாதிரி விரிஞ்சிருந்தா பெண், குச்சி மாதிரி ஒல்லியா இருந்தா ஆண். இப்போ சொல்லுங்க, ‘அண்ணே, குச்சித் துடுப்பு நாலு கொடுங்க!’