நெஞ்சுக்குள்ளே ஒரு வாடிவாசல்!

காணும் பொங்கலப்போ அலங்காநல்லூர் கேலரியில் உட்கார்ந்திருக்கீங்க. வாடிவாசலைத் தாண்டி காளை சீறிக்கிட்டு வருது. உங்க நெஞ்சு 'திக் திக்'னு அடிக்குதா? அந்த அடிக்குப் பின்னால இருக்கிறது மின்சாரம் பாஸ்!

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணுன்னு ஒரு குட்டி ஜெனரேட்டர். நாம சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை சிக்னல் தரும். பயத்தில் அட்ரினலின் சுரந்தால் வேகம் எகிறும். சிக்னல் பரவியதும் மேலறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும். அதே நொடி கீழறைகளும் சுருங்கினால், ரத்தம் இறங்க நேரம் ஏது? அதனால் நடுவில் ஏ.வி. கணு என்கிற வாடிவாசல், சிக்னலை சுமார் 0.1 விநாடி பிடித்து வைத்து அனுப்புகிறது. 1906-ல் இதை விவரித்தவர் ஜப்பான்காரர் சுனாவோ தவாரா.

எல்லாக் காளைகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டால்? அப்படித்தான் கீழறைகளில் சிக்னல் தாறுமாறாக ஓடினால், இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். சில நொடிகளில் ஆள் சரிந்துவிடுவார்.

யாராவது அப்படி விழுந்து, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் வேடிக்கை பார்க்காதீங்க. 108-க்கு போன் போடச் சொல்லிட்டு, நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை அவரோட இதயம் உங்க கைதான். அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்பில் இதைச் சொல்லித்தரக் கேளுங்களேன்!