பலர் சொல்வதால் பாறை நிற்குமா?

"ஊரே செய்கின்றது, நாம் செய்தால் மட்டும் குற்றமா?" இவ்வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. கேட்பவர் இதனை வினாவாகக் கேட்பதில்லை. முடிவான விடையாகவே கூறுகின்றார். பலர் ஏற்றுக்கொண்டனர், ஆதலால் அது சரியே என்று முடிவு கட்டுவதைத் தருக்க நூலார் போலி வாதங்களுள் ஒன்றாக வைத்துள்ளனர். ஏட்டில் அது சிறு பிழை. வாழ்வில் அதற்குக் கொடுக்க நேரும் விலை சிறிதன்று. திருவண்ணாமலையில் நிகழ்ந்ததைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள், பெருமழையில் ஊறிய அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து, அடிவாரத்திலுள்ள வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. எழுவர் மாண்டனர், அவர்களுள் ஐவர் குழந்தைகள்.

மாண்டவர்மீது நாம் குறை கூற வரவில்லை. மலைச்சரிவுகளில் குடியேறுவோர் பெரும்பாலும் வேறிடத்தில் மனை வாங்க வகையற்ற எளியோரே. நாம் ஆராய்வது, இத்தகைய சரிவுகளில் எங்கும் சொல்லப்படும் ஓர் ஆறுதல் மொழியை: "இத்தனை வீடுகள் இருக்கின்றனவே, என்ன வந்துவிடப் போகின்றது?"

முதல் வீட்டைக் கட்டியவர் நிலம் மலிவென்று கட்டினார். இரண்டாமவர் முதல் வீட்டைப் பார்த்துத் துணிந்தார். நூறாமவரோ தொண்ணூற்றொன்பது வீடுகளைக் கண்டு ஐயமே கொள்ளவில்லை. நூறு வீடுகளும் நூறு சான்றுகளாகத் தோன்றுகின்றன. ஆயினும் மலையின் மண்ணை ஆராய்ந்தவர் ஒருவருமிலர். ஒரே ஊகம் நூறு முறை திரும்பச் சொல்லப்பட்டது, அவ்வளவே. பின்னர்த் தெருவிளக்கும் வரி ரசீதும் வந்துவிட்டால் அவ்வூகம் உறுதியாகிவிடுகின்றது. மழைநீரோ வரி ரசீதைப் படிப்பதில்லை.

அங்ஙனமாயின் பலர் சொல் பயனற்றதா? அன்று. "இவ்வழியே வெள்ளம் வந்தது, இங்கே கல் உருண்டது" என்று முதியோர் பலர் தனித்தனியே தாம் கண்டதைக் கூறின் அது மதிக்கத்தக்க சான்று. ஆகவே எத்தனை வாய்கள் சொல்லின என்பதன்று, எத்தனை கண்கள் கண்டன என்பதே நாம் கேட்க வேண்டியது.

அதே மலையில், அதே திங்களில், இவ்வுண்மை மதிக்கப்பட்டதையும் கண்டோம். கார்த்திகைத் தீபத்தன்று பக்தர் சிலர் மலையேறுவது வழக்கம். 2023-ஆம் ஆண்டில் 2,500 பேருக்கு இசைவு தரப்பட்டது. 2024-இல் நிலவியல் வல்லுநர் மலையை நேரில் ஆய்ந்து, மண் தளர்ந்திருப்பதை அறிவித்தனர். ஏறவேண்டுமென்ற விருப்பம் பலருக்கும் இருந்தது. ஆண்டாண்டாய் வந்த வழக்கமும் இருந்தது. எனினும் பக்தர்கள் ஏற இசைவு தரப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் சுமந்து செல்வோர் ஏற இசைவு பெற்றனர். டிசம்பர் 13 மாலை தீபம் உச்சியில் எரிந்தது. பக்தர்கள் கீழே நின்று வணங்கினர். வழிபாட்டிற்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை.

மலைச்சரிவைப் பற்றியது மட்டுமன்று இச்செய்தி. பெண்ணின் திருமணப் பேச்சில், "எல்லோரும் வாங்குகிறார்கள், எல்லோரும் கொடுக்கிறார்கள்" என்று சொல்லியே வரதட்சணையை நியாயமாக்குகின்றோம். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒருங்கே தடுக்கின்றது. கடன்பட்ட தந்தையின் சுமையை ஊரார் பங்கிட்டுக்கொள்வதில்லை. கூட்டத்தின் கூச்சலுக்கு இணங்கிக் கைகழுவிய பிலாத்துவை நாம் நன்கறிவோம். நம் வீட்டுக் கூடத்தில் அதே செயல் நிகழும்போது மட்டும் அறியாதவர் போல் இருந்துவிடுகின்றோம்.

அன்பர்களே, "எல்லோரும்" என்ற சொல் இனி நம் இல்லத்தில் எழும்போது பிள்ளைகளை அதட்டி அடக்க வேண்டா. "அவர்களுள் ஆராய்ந்து பார்த்தவர் யார்?" என்று அமைதியாகக் கேட்போம். பிள்ளைகள் நம்மையே அவ்வாறு திருப்பிக் கேட்டால், சினவாது விடை தேடுவோம்.